தொழுவமும் தொழுகையும்

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைக் காலை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், கார் திருத்தும் கடைகளுக்கும் களஞ்சியக் கட்டடங்களுக்கும் நடுவே இருக்கும் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகம். பெயர் வேண்டாம். கோபூசைக்கென்று நகருக்கு வெளியே ஒரு பண்ணையிலிருந்து பசுவொன்றை ஏற்றி வந்திருந்தார்கள். வண்டியின் பின்கதவு சாய்ந்ததும் மேளம் உச்சத்துக்குப் போனது. மணி, சங்கு, அரோகரா, படம் பிடிக்க உயர்ந்த கைத்தொலைபேசிகள். பசு சாய்பலகையின் பாதியில் நின்றுவிட்டது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. சாணி போட்டது. முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பின்னால் இன்னொருவர், ஊரில் மாடு பழகியவராக்கும், வாலை முறுக்கப் போனார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் கிளிநொச்சிப் பக்கம் பட்டி வைத்திருந்தவர். "தம்பி, மாடு வெருண்டிட்டுது. முதல்ல உந்த மேளத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கயித்தைத் தளர விட்டா அது தானா வரும்" என்றார். அதற்குள் பண்ணையிலிருந்து வந்த பெண், முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரர், கையை உயர்த்தி எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டார். மேளம் நின்றது. அவர் பசுவின் தோளருகே போய் நின்றார். அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு தொய்ந்து கிடந்தது. நான்கைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. குருக்கள் மணிக்கூட்டைப் பார்த்தார், சுபவேளை கடந்துகொண்டிருந்தது. "ஐயருக்கு நேரம் போகுது, மாட்டுக்குப் போகேல்லை" என்றார் பெரியவர். பிறகு பசு நீளமாக ஒரு மூச்சு விட்டது. நாக்கை மூக்குத் துவாரத்துக்குள் விட்டுத் துழாவியது. அசைபோடத் தொடங்கியது. ஓர் அடி எடுத்து வைத்தது.

விலங்குகளோடு வேலை செய்கிறவர்களுக்கு வழிபாட்டைப் பற்றி ஏதும் தெரிந்திருக்குமா என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் விழுந்தது. தேடப் போனால் இது பழைய கேள்வி. புராணக்காரர், சாத்திரக்காரர், மந்தை மேய்த்த தீர்க்கதரிசிகள், புறாவைக் கூண்டில் அடைத்த உளவியலாளர் என்று பலர் இதைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதிரில் இருப்பவர் வராமல் இருக்கவும் இடம்விட்டு நிற்பதுதான் மரியாதை. மாட்டோடு வேலை செய்கிறவர் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார், இல்லாவிட்டால் உதை வாங்குகிறார். கும்பிடுகிற நாமோ ஆயுள் முழுக்கக் கும்பிட்டும் கற்காமலே போகலாம், ஏனென்றால் நம்மை யாரும் உதைப்பதில்லை. எதிர்க்கட்சிக்கும் பலமுண்டு. அதற்கும் வருவேன்.

முதலில் சொற்கள். தொழு என்றால் கும்பிடு. மாடு அடைக்கும் இடமும் தொழுதான். ஈழத்தில் நாங்கள் கொட்டில், பட்டி என்போம். தொழுவம் என்ற சொல் எங்கள் காதில் விழுவது பெரும்பாலும் நத்தார்க் காலத்தில், யேசு பிறந்த மாட்டுத் தொழுவம் என்று. இரண்டு தொழுவும் ஒரே வேரில் முளைத்தவை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பழம்புலவர் ஒருவருக்கு இந்த ஒற்றுமை கைக்கு வசதியாக இருந்திருக்கிறது. கலித்தொகையின் முல்லைப் பாட்டொன்றில் ஏறு தழுவப் போகும் இளைஞர்கள் நீர்த்துறையிலும் ஆலின் கீழும் மராமரத்தின் கீழும் உறையும் தெய்வங்களை முறையாக வழிபட்டுவிட்டு, அடுத்த கணமே தொழுவுக்குள் பாய்கிறார்கள். கும்பிட்ட கைதான் கொம்புக்கு நடுவே போகிறது. அங்கே தெய்வமும் காளையும் ஒரே விதமாக அணுகப்பட வேண்டியவை. இரண்டுமே உன் சொல் கேட்டு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்த சொல் சுரத்தல். பால் சுரக்கும், ஊற்றுச் சுரக்கும், அருளும் சுரக்கும். பால் கறந்தவருக்குத் தெரியும், மடி நிறைய இருந்தாலும் பசு நினைத்தால்தான் பால் இறங்கும். கன்றை ஊட்டவிட்டு, மடியைத் தடவி, சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்தத் தடவலில் பசுவின் மூளையிலிருந்து ஒட்சிடோசின் புறப்பட்டு இரத்தம் வழியாக மடிக்குப் போய்ப் பாலை இறக்குகிறது. பயந்தால் அட்ரினலின் குறுக்கே வந்து அதைத் தடுத்துவிடும். மாடு பாலை எக்கிக்கொண்டது என்பார்கள். பால் உள்ளேதான் இருக்கிறது, வராது. அடித்தால் இன்னும் வராது. அருளுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் மடியைத் தொட்டுப் பார்க்காதவர்களாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சைவ சித்தாந்தமோ மாட்டுக் கொட்டிலின் மொழியையே தத்துவமாக்கிக்கொண்டது. உயிர் பசு, அதைக் கட்டியிருக்கும் கயிறு பாசம், உடையவன் பதி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் இறுக்கமாக ஒழுங்குபடுத்திய இந்த மூன்றும் இன்று ஸ்காபரோவில் சனிக்கிழமைச் சமய வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக்கூட வாய்ப்பாடம். பசு என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் மனதில் எழுவது மூக்கில் ஈரமுள்ள ஒரு பிராணியா, பரீட்சை விடையா என்பது வேறு விடயம். ரிவர்டேல் பண்ணைக்கு ஒருமுறை கூட்டிப் போகலாம். நகரின் நடுவே கபேஜ்டவுனில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. 1888இல் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலை அங்கேதான் இருந்தது. 1974இல் அது மூடப்பட்டு, 1978இல் அதே நிலத்தில் பண்ணை திறக்கப்பட்டது. கூண்டுகள் போய்க் கொட்டில்கள் வந்தன. பசுவைப் பற்றிப் படித்த பிள்ளை அங்கே பசுவின் பக்கத்தில் நிற்கலாம்.

இனி நாயன்மார். சேக்கிழார் பாடிய அறுபத்துமூவரில் மாடு மேய்த்தவர் கதைகள் மூன்று உண்டு. அவற்றுள் ஆனாயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கொன்றை மரத்தடியில் நின்று ஐந்தெழுத்தைக் குழலில் ஊதினார், மாடுகள் அசைபோடுவதை மறந்து நின்றன, மயிலும் பாம்பும் பகை மறந்து வந்தன. அழகான காட்சி, ஆனால் மாட்டைப் பற்றி அதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது.

திருமூலர் கதை வேறு மாதிரி. கயிலையிலிருந்து பொதிகைக்குப் போகும் யோகி ஒருவர் காவிரிக்கரையில் சாத்தனூரில் ஒரு காட்சியைக் காண்கிறார். மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, மோந்து பார்க்கின்றன, கதறுகின்றன. யோகி தன் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து எழுகிறார். பசுக்களின் துயரம் தீர்கிறது. மாலையில் அவற்றை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பினால் தன் உடலைக் காணவில்லை. பிறகு அந்த இடையன் உடலிலேயே இருந்து திருமந்திரம் பாடினார் என்பது கதை. தமிழ்ச் சைவத்தின் பெரிய யோக நூல் பிறந்ததற்குக் கதை சொல்லும் காரணம், சில மாடுகள் அழுதது. யோகி அவற்றுக்குத் தத்துவம் சொல்லவில்லை. அவற்றுக்குப் பழகிய முகம், பழகிய மணம், பழகிய கை எதுவோ அதுவாகவே போனார். உன் வடிவத்தில் நான் வருவேனே தவிர என் வடிவத்துக்கு நீ வா என்று கேட்க மாட்டேன் என்ற இந்தப் பணிவை நம்முடைய பிரார்த்தனைகளில் நான் அபூர்வமாகத்தான் காண்கிறேன்.

சண்டேசரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். மண்ணியாற்றங்கரைச் சேய்ஞலூரில் அந்தணச் சிறுவன் விசாரசருமன். ஊர்ப் பசுக்களை மேய்ப்பவன் ஒரு பசுவைக் கோலால் அடிப்பதைப் பார்க்கிறான். அன்றே மேய்க்கும் வேலையைத் தான் எடுத்துக்கொள்கிறான். பசுக்கள் அவனிடம் சேர்ந்துவிடுகின்றன. அவனைக் கண்டதும் கறக்காமலே பால் சொரிகின்றன. ஊராருக்கும் பால் குறையவில்லை. அந்தப் பாலைக் கொண்டு ஆத்திமரத்தடியில் மணலால் ஆன லிங்கத்துக்கு நீராட்டுகிறான். வழிபாடு தொடங்கியது அடியைத் தடுத்த இடத்தில் என்பதைக் கவனியுங்கள். பிறகு தகப்பன் எச்சதத்தன் வந்து பால்குடத்தை உதைத்ததும், மகன் கையில் எடுத்த கோல் மழுவாகி அவன் காலை வெட்டியதும் தெரிந்த கதை. அந்தப் பகுதி எனக்கு இன்றும் செரிக்கவில்லை. மாட்டை அடிப்பது பொறுக்காத பிள்ளை தகப்பன் காலை வெட்டினான் என்பதை எந்த உரையாசிரியராலும் எனக்குச் சரிக்கட்டித் தர முடியவில்லை.

ஆனால் அந்தப் பிள்ளையே சண்டிகேசுவரராக இருக்கும் சன்னிதியில் நாம் செய்வது என்ன? கருவறையின் வடபக்கம், அபிஷேக நீர் விழும் கோமுகிக்கு அருகே சின்னதாக ஒரு சன்னிதி. எல்லோரும் அங்கே போய்க் கையைத் தட்டுவார்கள், சிலர் சொடக்குப் போடுவார்கள், சிலர் வேட்டியிலிருந்து நூலைப் பிய்த்துப் போடுவார்கள். செவிட்டுச் சாமி, பலமாகத் தட்டினால்தான் கேட்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. பெரியவர்கள் சொல்லும் முறை வேறு: அவர் தியானத்தில் இருக்கிறார், எழுப்பாதே, கோயிலிலிருந்து ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று காட்ட இரண்டு கையையும் மெல்லத் துடைத்துக் காட்டிவிட்டு நகர். ஒரே சன்னிதியில் இரண்டு வழிபாடு. ஒன்று, நான் வந்திருக்கிறேன், எழும்பு என்கிறது. மற்றது, வெறுங்கையைக் காட்டிவிட்டு விலகுகிறது. மாடு மேய்த்த ஒருவரிடம் எப்படிப் போக வேண்டும் என்பது கொட்டிலில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

கொட்டில்காரர்கள் சொல்வதை இப்போது பார்ப்போம். மேய்ச்சல் விலங்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெருளும் எல்லை உண்டு. பழகிய கறவைப் பசுவுக்கு அது ஒரு கை நீளமோ, அதுவும் இல்லாமலோ இருக்கலாம்; காட்டில் விட்ட மாட்டுக்குப் பல மீற்றர் இருக்கலாம். எல்லைக்கு வெளியே நின்றால் அது உன்னைத் திரும்பிப் பார்க்கும். விளிம்பைத் தொட்டால் நகரும். உள்ளே ஆழமாகப் புகுந்தால் ஓடும், ஓட இடமில்லாவிட்டால் உன் மேல் திரும்பும். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். குதிரைக்குக் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. ஆகவே நேர் எதிரே போய் நிற்பது அதற்கு மரியாதை அல்ல, அச்சுறுத்தல். பக்கவாட்டில், தோளை நோக்கி வரவேண்டும். சிவன் கோயிலில் நந்திக்கும் மூலவருக்கும் குறுக்கே போகாதே, பக்கத்தில் ஒதுங்கி நின்று பார் என்று அம்மம்மா இழுத்து நிறுத்தியது நினைவுக்கு வருகிறது. பிரதோஷத்தில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவால் பார்ப்பதும் அப்படித்தான்: விலங்கின் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையில் பார்ப்பது. இப்போதெல்லாம் நந்தியின் காதைப் பிடித்துக் குடும்ப விபரம் முழுதையும் ஓதுகிறவர்களின் வரிசை நீண்டுவிட்டது. உயிருள்ள காளையின் காதில் அப்படி ஓதிப் பார்க்கட்டும்.

குதிரை பழக்குகிறவர்களின் இன்னொரு பாடம் விடுவிப்பு. கடிவாளத்தை இழுப்பதால் குதிரை கற்பதில்லை. அது சரியான பக்கம் ஓரங்குலம் திரும்பிய அந்தக் கணத்தில் இழுப்பு தளர்கிறதே, அதில்தான் கற்கிறது. தளர்த்தத் தெரியாதவர் எவ்வளவு இழுத்தாலும் குதிரைக்கு அது இரைச்சல் மட்டுமே. இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது, கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டு, கேட்டது நடந்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும் என் சொந்தப் பிரார்த்தனைகள்.

கால்நடைகள் எதைக் கண்டு வெருள்கின்றன என்று அறிய, அவை நடந்து போகும் பாதையில் தானே இறங்கிக் குனிந்து அவற்றின் கண்மட்டத்தில் பார்த்தவர் அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின். ஓட்டிசம் உள்ளவர். வேலியில் தொங்கும் ஒரு சட்டை, தரையில் விழும் ஒரு நிழல், ஆடும் ஒரு சங்கிலி: மனிதர் கண்ணில் படாத இவையே மாட்டை நிறுத்துகின்றன என்று கண்டுபிடித்தார். அவர் பாதைகள் வடிவமைத்தது இறைச்சிக்கூடங்களுக்கு. யூத சமய முறைப்படி அறுக்கும் இடங்களிலும் வேலை செய்தார். விலங்கின் கடைசி நிமிடம் பயமில்லாததாக இருக்க வேண்டும், அந்த இடத்தில் பயபக்தி வேண்டும் என்று 1995இல் வந்த தன் நூலில் எழுதினார். சைவ உணவுக்காரர்களுக்கு இது ஏற்காது. எனக்கும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் கொல்லும் இடத்தில் ஒருவர் காட்டிய கவனத்தைக் கும்பாபிஷேக வாசலில் நாங்கள் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விலங்குக்கு நம் சொல் முக்கியமல்ல, உடல்தான். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக 1904இல் பெரிய பேச்சு. எத்தனை என்று கேட்டால் குளம்பால் அத்தனை முறை தட்டும். ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து 1907இல் முடிவை வெளியிட்டார்: கேட்பவருக்கு விடை தெரிந்திருந்து, அவர் குதிரையின் கண்ணில் பட்டால்தான் விடை சரியாக வருகிறது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையிலோ உடலிலோ தன்னையறியாமல் ஏற்படும் சிறு அசைவைக் குதிரை படித்துவிட்டுத் தட்டுவதை நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று சிரித்தார்கள். அந்த மனிதர் தன்னிடமே மறைத்து வைத்திருந்ததை அது வாசித்தது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? வாய் தேவாரம் பாட மனம் வாகனத் தரிப்பிடத்தை எண்ணிக்கொண்டிருப்பதை, கேட்பவர் ஒருவர் இருந்தால், இதைவிட எளிதாகவே கண்டுகொள்வார்.

இனி எதிர்க்கட்சி. அதன் சிறந்த சாட்சி புறா. 1948இல் பி. எஃப். ஸ்கின்னர் எட்டுப் புறாக்களைப் பசியோடு கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானியம் கிடைக்கும்படி செய்தார். எட்டில் ஆறு புறாக்கள் சடங்கு தொடங்கிவிட்டன. ஒன்று கூண்டைச் சுற்றி வந்தது, ஒன்று தலையை மூலையில் இடித்தது, ஒன்று ஊசல்போல ஆடியது. தானியம் தம் செய்கையால் வருகிறது என்று அவை நம்பியதுபோல இருந்தது. பிரார்த்தனை முழுதும் இதுதான் என்று சொல்ல இது போதும் என்பது ஒரு கட்சி. 1971இல் ஸ்டாடனும் சிமெல்ஹாகும் மறுபடி பார்த்தபோது, அந்த அசைவுகளில் பல தீனி வரும் நேரத்தை எதிர்பார்த்து இயல்பாக எழுபவை என்று கண்டார்கள். புறா பேரம் பேசவில்லை, காத்திருந்தது. காத்திருக்கும் உடல் சும்மா நிற்பதில்லை. நேர்த்திக்கடன் வைக்கிறவர்களில் இரண்டு வகையும் உண்டு. மகனுக்கு விசா கிடைத்தால் நூற்றெட்டுத் தேங்காய் என்பது பேரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுக்கும் தாய் புறாவைப்போலத்தான், ஆனால் அவரைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

விலங்கை வைத்தே நாம் சம்மதத்தைப் பொய்யாக உண்டாக்குவதும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்களில் கிடாய் வெட்டுமுன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் துலுக்கிவிட்டது என்பார்கள். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் ஒப்புக்கொண்டது. சிலிர்க்காவிட்டால் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர். பண்டைக் கிரேக்கரிடமும் இதே வழக்கம் இருந்ததாகப் பழைய நூல்கள் காட்டுகின்றன. அது சம்மதம்தானா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு இந்தச் சடங்கில் ஒரு நேர்மையும் தெரிகிறது, ஒரு களவும் தெரிகிறது. கேட்காமல் எடுக்கக்கூடாது என்ற உணர்வு நேர்மை. குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பது தெரிந்தே ஊற்றுவது களவு. ஈழத்தில் வேள்வி என்ற மிருக பலியை ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். தமிழ்நாட்டில் பலியைத் தடுக்கும் சட்டம் 1950இல் வந்து ஏட்டில் கிடந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதை நடைமுறைப்படுத்தப் போய், எதிர்ப்பு எழுந்து, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. குலசாமிக்குக் கிடாய் வெட்டும் எளிய மக்கள் மேல் மட்டும் ஏன் இந்தச் சட்டம் என்று அன்று எழுந்த கேள்வி நியாயமானது. ஆட்டின் பக்கத்திலிருந்து யாரும் அதிகம் பேசவில்லை.

யானைக்கு வருவோம், ஏனென்றால் இதில் ரொறொன்ரோவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே கேள்வி இருந்தது. 1974இல் ஸ்காபரோவின் ஓரத்தில் திறந்த ரொறொன்ரோ மிருகக்காட்சிசாலையில் பல ஆப்பிரிக்க யானைகள் இருந்தன. கடைசியில் இரிங்கா, தோக்கா, தீக்கா என்ற மூன்று பெண்யானைகள் மிஞ்சின. குளிர்காலத்தில் யானைக்கு இது இடமா என்ற வாதம் நகரசபைக்குப் போனது. 2011 ஒக்டோபரில் அவற்றைக் கலிபோர்னியாவிலுள்ள சரணாலயத்துக்கு அனுப்ப வாக்களித்தார்கள். அங்கே அனுப்பலாமா என்று இரண்டு வருடம் சண்டை. 2013 ஒக்டோபரில் மூன்றும் லொறியில் கண்டத்தைக் கடந்து போயின. அதற்கு முன் பயணப் பெட்டிக்குள் தாமாக நடந்துபோய் நிற்கப் பழக்கினார்கள். வட அமெரிக்கக் காட்சிசாலைகளில் இப்போது பரவியிருக்கும் முறையும் இதுதான்: பராமரிப்பாளர் கம்பித் தடுப்புக்கு இப்பால் நிற்பார், யானை விரும்பினால் பாதத்தைத் தூக்கி வைக்கும், விரும்பாவிட்டால் திரும்பிப் போகும். அங்குசம் கிடையாது. சிறைக்குள் கிடைக்கும் சுதந்திரம்தான், பெரிதாகப் புகழ வேண்டாம். என்றாலும் மாட்டேன் என்பதற்கு அங்கே இடமிருக்கிறது.

கோயில் யானைக்கு அந்த இடம் உண்டா? ஒரு நாணயத்தை வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தும்பிக்கையை நம் தலையில் வைக்கிறது. ஆசீர்வாதம் என்கிறோம். அதன் காலில் சங்கிலி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2003இல் முதுமலையில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் தொடங்கியபோது, கல்தளத்தில் நின்றே காலம் கழித்த யானைகள் மண்ணில் நின்றன. 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடையின்போது தெருவில் விழுந்து இறந்தபோது ஊரே திரண்டு அழுதது; அந்தக் கண்ணீர் பொய் அல்ல. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தாக்கிப் பாகனும் அவர் உறவினரும் இறந்தார்கள். பாகன்மாரைக் குற்றம் சொல்வது எளிது. யானையின் காதுக்குப் பின்னால் கால்விரலால் ஓர் அழுத்தம் கொடுத்தே அதோடு பேசத் தெரிந்தவர்கள் அவர்கள். சம்பளமும் மரியாதையும் அவர்களுக்குக் குறைவு. கேள்வி நம்மைப் பற்றியது. மறுக்க முடியாத ஒருவரிடமிருந்து வாங்கிய ஆசியை எதில் சேர்ப்பது?

மற்றச் சமயங்களில் நான் கண்டவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விவிலியத்தில் பிலேயாம் தீர்க்கதரிசி; ஆனால் வழியில் நிற்கும் தேவதூதனைக் கண்டது அவன் ஏறிப்போன கழுதை. மூன்று முறை அடிவாங்கிய பிறகு அது வாய் திறந்து, இத்தனை காலம் உன்னைச் சுமந்தேனே, இப்படி எப்போதாவது செய்ததுண்டா என்று கேட்கிறது. தீர்க்கதரிசிக்கு விடை இல்லை. ஆடு மேய்க்காத இறைத்தூதர் எவரும் இல்லை, தானும் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்ததுண்டு என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. உன் விலங்குக்குத் தீனி வைக்குமுன் நீ உண்ணாதே என்பது யூதரின் தல்மூத். இந்த மண்ணின் ஹோடினோஷோனி மக்கள் கூட்டம் தொடங்குமுன் சொல்லும் நன்றியுரையில் மனிதர், மண், நீர், மீன், பயிர், விலங்கு, மரம், பறவை, காற்று, இடி, சூரியன் என்று ஒவ்வொன்றாக விளித்து நன்றி சொல்லிக்கொண்டே போவார்கள். அதில் எனக்குப் பிடித்தது, முடிவில் எதையும் கேட்காதது. நம் அர்ச்சனைச் சீட்டில் பெயர், நட்சத்திரம், கோரிக்கை மூன்றுக்கும் இடமிருக்கிறது. நன்றிக்கு ஒரு கட்டம் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் கேட்டது ஒரு பசு. இளவரசனின் தேரில் கன்றைப் பறிகொடுத்த அது, மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைத் திருவாரூரில் கொம்பால் அடித்தது. மகனைக் கொல் என்று அது கேட்கவில்லை. மணியை அடித்துவிட்டு நின்றது. மீதியெல்லாம் அரசனின் வேலை.

2015 ஜூலை 9 அன்று ரொறொன்ரோவில் யங் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. காலையில் நகரசபைக்குச் சொல்லியும் எடுக்க இரவாகிவிட்டது. அதற்குள் யாரோ அதற்குக் கொன்ராட் என்று பெயர் வைத்து, பூ வைத்து, சட்டமிட்ட படம் வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, வழிபாட்டு மேடையே எழுப்பிவிட்டார்கள். பகிடிக்குத் தொடங்கியதுதான். ஆனால் குனிந்து மெழுகுவர்த்தி வைக்கிறவரின் முதுகு பகிடிக்கும் உண்மைக்கும் ஒரே மாதிரித்தான் வளைகிறது. இதே நகரம் உயிருள்ள ரக்கூனிடமிருந்து பச்சை நிறக் குப்பைத்தொட்டியைக் காக்கப் புதுப் பூட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. செத்ததை மதிப்பது இலேசு. அது கடிக்காது, ஓடாது, மறுக்காது.

கும்பிடுகிறவர்களுக்குள் வரும் சண்டைக்குத் திருவானைக்காவைவிட நல்ல கதை கிடையாது. வெண்ணாவல் மரத்தடியில் லிங்கம். சருகு விழாமல் சிலந்தி மேலே வலை பின்னியது. யானை காவிரி நீரைத் துதிக்கையில் கொண்டுவந்து ஆட்டியது. வலையைக் கண்டு அழுக்கு என்று துடைத்தது. சிலந்தி மறுபடி பின்னியது, யானை மறுபடி துடைத்தது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை அதை நிலத்தில் அடிக்க, இரண்டும் மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது. பக்தி அடுத்த பிறவிக்கும் போனது, கோபமும் கூடவே போனது. இரண்டும் லிங்கத்தைப் பார்த்தன, ஒன்றையொன்று பார்க்கவில்லை. ரொறொன்ரோவில் கோயில் நிர்வாகசபைக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு முடிச்சு மிஞ்சுகிறது. இதுவரை நான் கும்பிடுகிறவரை மாட்டுக்காரராகவும், கடவுளை அணுக வேண்டிய மாடாகவும் வைத்தே பேசினேன். சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. பசு நான்தான். கயிறு என் கழுத்தில். அப்படியானால் தோளருகே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கயிற்றைத் தொய்யவிட்டு நிற்பவர் மறுபக்கத்தில் இருக்கிறார். பிரார்த்தனைக்குப் பதில் வரவில்லை, முகம் காட்டவில்லை, மௌனம் என்று நாம் முறையிடுவதெல்லாம் அந்த றப்பர் சப்பாத்துப் பெண் தெருவைப் பார்த்து நின்றதுபோல ஒன்றாக இருக்குமோ என்று யோசித்திருக்கிறேன். சில இரவுகளில் இது ஆறுதலாக இருக்கிறது. சில இரவுகளில், போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊரை நினைக்கும் இரவுகளில், அந்த மௌனத்துக்கு இது மிகவும் அழகான விளக்கமாகப் படுகிறது. நம்ப மனம் வருவதில்லை. அணுகும் முறையைக் கற்கக் கொட்டில் போதும். அங்கே யார் இருக்கிறார் என்பதைக் கொட்டில் சொல்லாது.

அன்று பூசை முடிய மதியமாகிவிட்டது. பசு இறங்கி வந்து கூடாரத்தின் கீழ் நின்றது. குருக்கள் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பின்பக்கம் தொட்டுக் கும்பிட்டு, கழுத்தில் பெரிய செவ்வந்தி மாலை போட்டார். கைத்தொலைபேசிகள் மறுபடி உயர்ந்தன, இந்த முறை சற்றுத் தூரத்திலிருந்து. மேளகாரர் எங்கள் பெரியவரைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். பெரியவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். நாதஸ்வரம் மட்டும், மெதுவாக.

திரும்ப ஏற்றும்போது வாலடியைச் சொறிந்துகொண்டே அந்தப் பெண் என்னிடம் கேட்டார், நெற்றியில் இருப்பதைக் கழுவலாமா, கழுவினால் குற்றமா என்று. நான் பெரியவரைக் கேட்டேன். "கழுவவும் தேவையில்லை, விடவும் தேவையில்லை. வீட்டை போய் அது மரத்தில உரஞ்சும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார். மாலையைக் கழற்றித் தருவதற்காகப் பசுவின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார். மாலையில் நார் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கடைசிச் செவ்வந்தி வாயின் ஓரத்தில் அரைபட்டுக்கொண்டிருந்தது.